ஈஸ்டர் தீவு ஆசாமி

ஈஸ்டர் தீவுச் சிலையைப் போலவே செதுக்கிய ஆறடிக் கருங்கல் சிலை தெருவிலேயே நின்றது. அதைத் தூக்கி வந்த கிரேன் ஆய்வு மையத்தின் கேட்டுக்குள் நுழையவில்லை. நாலு மணிக்கு உள்ளே பிரிஸ்கில்லாவின் முதல் பேச்சு. மூன்று வருட ஆராய்ச்சி. கேட்பதற்குப் பிரான்சிலிருந்தே ஆட்கள் வந்திருந்தார்கள்.

"சிலை இல்லாம எப்பிடிப் பேசுவேன்?" சுருட்டிய பேனரைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

சுமை தூக்கும் மண்ணாங்கட்டி சிலையை ஏற இறங்கப் பார்த்தார். "என் மச்சான் மூஞ்சாட்டமே இருக்குது. இதுக்கா அழுவுற? நிக்க வச்சே நடத்திக்கினு போயிடலாம்மா."

"அதெல்லாம் முடியாதுண்ணே!"

"ஏன் முடியாது? பீரோவை அப்பிடித்தான நவுத்துறோம்?"

அவள் வாயைத் திறந்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "ஏதோ பண்ணுங்க."

மண்ணாங்கட்டியின் ஆட்கள் சிலையின் தலையில் மூன்று கயிறு கட்டினார்கள். இரண்டு கயிறு இடமும் வலமும் மாறி மாறி இழுக்க, மூன்றாவது கவிழாமல் பின்னால் பிடித்துக்கொண்டது. "வாடா ராசா!" என்று மண்ணாங்கட்டி கொஞ்சக் கொஞ்ச, குடித்தவனைப் போல் ஆடி ஆடி முற்றத்துக்கு வந்து நின்றது சிலை. வந்திருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பிரிஸ்கில்லா மட்டும் அசையவில்லை. சந்தோஷத்தில் மலைத்துவிட்டாள் என்று நினைத்து, மண்ணாங்கட்டி பேனரை வாங்கப் போனார்.

"அது வேணாம்ணே!"

"இருக்கட்டும்மா, இதுல என்னா கஷ்டம்?" பிடுங்கி, விரித்து, சிலைக்குப் பின்னால் கட்டிவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'ஈஸ்டர் தீவுச் சிலைகளை நிற்கவைத்து நடத்தியிருக்கவே முடியாது: ஓர் ஆய்வு.'

மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, வேணும்னா திரும்பத் தெருவுக்கே நடத்திக்கினு போயிடட்டா?"