இரண்டு பேருக்கான ஆட்டம்

“சமையல் ஆட்டம் வேண்டாம்டா. அதுல சட்டி தீஞ்சுக்கிட்டே இருக்கும், நீ கத்திக்கிட்டே இருப்பே.”

“நான் எப்பக் கத்தினேன்?”

“போன வருஷம் வெங்காயம், வெங்காயம்னு நீ போட்ட சத்தத்துல, என் பக்கத்துக் கட்டில் உஸ்பெக் அண்ணன் முழிச்சு நிஜமாவே வெங்காயம் எடுத்துட்டு வந்தாரே, மறந்துட்டியா?”

எர்மெக் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் இன்றைக்கு ஹெட்போனை மாட்டியிருந்தான்.

பெக்தூர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இரும்புத் தகடு வெட்டும் பட்டறை. ஞாயிறு மதியமானால் அவன் அங்கே விடுதிக் கட்டிலில் லேப்டாப்போடு உட்காருவான். எர்மெக் இங்கே பிஷ்கெக்கில், தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கிளப்பின் மூலை இருக்கையில் உட்காருவான். இருட்டும்வரை இருவரும் ஒரே உலகத்தில் இருப்பார்கள்.

ஒரு மாதமாக அது நின்றுபோயிருந்தது.

முதலில் பெக்தூர் கூடுதல் வேலை என்றான். பிறகு நெட் சரியில்லை என்றான். எழுதி அனுப்புவதையும் விட்டுவிட்டான், குரல் செய்தி மட்டும்தான். கேமராவைப் போடுவதே இல்லை. ‘முகத்தைக் காட்டச் சொல்லுப்பா அவனை’ என்று அவன் அம்மா எர்மெக்கிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

ஆட்டத்தின் நண்பர் பட்டியலில் ஒருகாலத்தில் பள்ளித் தோழர்கள் எல்லோரும் பச்சையாக எரிந்தார்கள். ஒவ்வொருவனாக மாஸ்கோ, கசான், சியோல் என்று போனான். போன இடத்தில் புது ஆட்கள் கிடைத்தார்கள், இங்கே பெயர் சாம்பல் நிறமானது. அப்படி ஆன பெயர் எதுவும் திரும்பப் பச்சையானதில்லை.

பெக்தூர்தான் மிச்சம்.

தோளில் யாரோ தட்டினார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி. “அண்ணே, நாங்க ரெண்டு பேரும் சேந்து ஆடுற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. இவருகூடச் சண்டை வராததா இருக்கணும்.”

“வீடு மாத்துற ஆட்டம். ரெண்டு பேருமா சோபாவைத் தூக்கி வாசல் வழியா வெளியே கொண்டு வரணும். சண்டை வரும், ஆனா சிரிப்பும் வரும்” என்றான், ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு. கிளப்புக்கு யார் வந்தாலும் அவனைத்தான் கேட்பார்கள். ஆளைப் பார்த்தாலே எந்த ஆட்டம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

“சரி, பண்ணை ஆட்டம்?” என்றான் மைக்கில்.

“மாடு மேய்க்கிறதுன்னா நேரா ஊருக்கே வந்துடுவேனே.”

“வாயேன்.”

ஹெட்போனில் சக்கரங்கள் உருளும் ஓசை கேட்டது. ஒரு பெண் ரஷ்ய மொழியில் யார் யாருடைய குடும்பப் பெயரையோ வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை உண்டு போலிருக்கிறது.

“நான் அனுப்பின ஜாய்ஸ்டிக் வந்து சேந்துச்சா?”

“வந்துச்சு. பஸ்ல வந்த அக்கா கொண்டாந்து குடுத்தாங்க.”

“எப்படி இருக்கு?”

“இன்னும் பிரிக்கலை. டேப்பை அப்படிச் சுத்தி வெச்சிருக்கே, கழுதை.”

எர்மெக்குக்குச் சுருக்கென்றது. அதே பொட்டலத்தில்தான் பெக்தூரின் அம்மா உலர்த்திய தயிர் உருண்டைகளும் இருந்தன. ஊரிலிருந்து வந்த பொட்டலத்தைப் பல்லால் கடித்தாவது பிரிக்காத ஆள் உண்டா?

“நேராச் சொல்லிடு. அங்க வேற எவனாவது ஜோடி கெடைச்சுட்டானா?”

“லூசாடா நீ?”

“அப்ப ஏன் எதைச் சொன்னாலும் வேண்டாங்கிறே?”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

“சரி, போடு. உனக்குப் பிடிச்சதைப் போடு.”

எர்மெக்கின் விரல்கள் தாமாக ஓடின. மலை ஆட்டம்! இரண்டு பொம்மைகளை ஒரே கயிற்றில் கட்டியிருக்கும். கீபோர்டின் இடது ஓரப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் இடக்கை பாறையைப் பிடித்திருக்கும், வலது ஓரப் பொத்தானுக்கு வலக்கை. மாற்றி மாற்றிப் பிடித்தால் மேலே போகலாம். குழந்தைகூட ஆடிவிடும்.

அழைப்பை அனுப்பினான். கயிற்றின் மறுமுனையில் பெக்தூரின் பொம்மை வந்து நின்றது. ஒரு மாதத்துக்குப் பிறகு.

எர்மெக் நாலு பிடி ஏறிவிட்டுக் கீழே பார்த்தான்.

பெக்தூரின் பொம்மை இடக்கையை உயர்த்திப் பாறையைப் பிடித்தது. தொங்கியது. அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு விழுந்தது.

எழுந்து மறுபடி இடக்கையால் பிடித்தது. தொங்கியது. விழுந்தது.

“வலக்கையைப் போடுடா!”

மறுபடி இடக்கை.

“டேய் கழுதை, வலது! வலது பொத்தான்! ஒரே மாசத்துல எல்லாம் மறந்துபோச்சா?”

பொம்மை தொங்கிக்கொண்டே இருந்தது. ஹெட்போனில் சக்கர ஓசை நெருங்கி வந்து நின்றது. அந்தப் பெண்குரல் இப்போது பெக்தூரின் குடும்பப் பெயரைச் சொல்லி, காயத்துக் கட்டை மாற்ற வேண்டும் என்றது. பெக்தூர் ரஷ்ய மொழியில் அவளிடம் ஒரு நிமிடம் கேட்டான்.

எர்மெக் மேலேயே நின்றிருந்தான். கயிறு விறைத்திருந்தது. பின்னால் அந்த ஜோடி சோபாவை எங்கேயோ இடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

“அம்மாகிட்ட சொல்லிடாதே” என்றான் பெக்தூர்.

எர்மெக் பொத்தானின்மேல் இருந்த தன் வலக்கையைப் பார்த்தான்.

“டேய், இருக்கியா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே... இடக்கை மட்டும் போதுங்கிற மாதிரி ஒண்ணு சொல்லேன்.”