முப்பத்தைந்தாவது சீட்டு

பதினேழு பேர் தூக்கு என்று எழுதிவிட்டார்கள். பதினேழு பேர் விடுதலை என்று எழுதிவிட்டார்கள். கைதியின் உயிர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் கையில் இருந்தது.

கைதியோ அந்த அம்மாவுக்கு நேர் பின்னால், தொப்பியும் முகக்கவசமுமாக உட்கார்ந்திருந்தான். தான் நடித்த படத்தைத் தானே திருட்டுத்தனமாகப் பார்க்க வந்த நடிகனுக்கு வேறு என்ன வேஷம் பொருந்தும்?

படத்துக்கு இரண்டு முடிவுகள் எடுத்து வைத்திருந்தார்கள். எதை வைப்பது என்பதில் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் இரண்டு மாதமாக முட்டல் மோதல். கடைசியில், முப்பத்தைந்து பேரை இந்தச் சின்னத் திரையரங்குக்குக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டுவது, பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதை வைப்பது என்று சமாதானமானார்கள். ஆள் பிடிக்கும் வேலை உதவி இயக்குநரின் தலையில் விழுந்தது. அவரும் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் கையில் அகப்பட்டவர்களையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் முடிவில், தண்டனையை நிறுத்தச் சொல்லித் தொலைபேசி வந்துவிடும். கைதி கொட்டடியிலிருந்து நேராக வீட்டுக்குப் போவான். இரண்டாவதில் தொலைபேசி வராது. கட்டிய கைகளோடு கைதி, மேடையின் விசையை இழுக்கும் ஒரு கை, அப்புறம் இருட்டு.

அந்த இருட்டு நம் ஆளுக்கும் சேர்த்துத்தான். கைதி பிழைத்தால் இரண்டாம் பாகம் உண்டு, அதில் இவன்தான் கதாநாயகன். பன்னிரண்டு வருடமாக அடியாள் கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று, கதாநாயகர்களிடம் உதை வாங்கியே காலத்தை ஓட்டியவன். செத்துப்போனால் மறுபடியும் அந்த உதைதான்.

படம் முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுத்தால், எழுதுவதற்கு முன்னால் ஆளாளுக்கு வாயைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் விட்டுவிடுவதற்கா இரண்டு மணி நேரம் எங்களைப் பயமுறுத்தினீர்கள் என்று ஒரு தையல்காரர் சண்டைக்கு வந்தார். குற்றம் செய்யாதவனைக் கொன்ற பிறகு உண்மை வெளியே வந்து யாருக்கு என்ன லாபம், போன உயிர் திரும்பி வருமா என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை குரல் உடைந்து கேட்டார்.

"வராதுங்க. அதனாலதான் படம் மனசுல நிக்கும்" என்றார் ஒரு பல் டாக்டர். சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு தூக்கில் போட்டார். கைதி அவரை முறைத்து வைத்தான்.

சீட்டுகள் ஒவ்வொன்றாக வர வர, உதவி இயக்குநர் பலகையில் கோடு போட்டுக்கொண்டே போனார். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கமும் ஏறியது. கைதி கோடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான்.

ஆனால் மூன்றாவது வரிசை அம்மாவிடம் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. தூக்குக் காட்சி ஓடும்போது அவர் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பின்னாலிருந்து கண்ணாரப் பார்த்திருந்தான். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் அவர் கிசுகிசுத்ததும் காதில் விழுந்தது.

"அந்தக் கையைப் பாருங்களேன். எலும்பும் தோலுமா ஆயிட்டான். வேளாவேளைக்குச் சாப்பிட்டாத்தானே."

இந்த வேடத்துக்காக மூன்று மாதம் வயிற்றைக் காயப்போட்டவன் தன் மணிக்கட்டைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான். அவன் இளைத்ததை வீட்டில்கூட இத்தனை அக்கறையாக யாரும் சொன்னதில்லை.

அம்மா கைப்பையைத் துழாவினார். பேனா அகப்படவில்லை. கைதி எழுந்து, தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை இரண்டு கையாலும் நீட்டினான். அவனை ஏற இறங்கப் பார்த்த அம்மா, நல்லா இருங்க தம்பி என்று வாழ்த்திவிட்டு, ஒரே சொல்லை எழுதி மடித்துக் கொடுத்தார்.

உதவி இயக்குநர் சீட்டைப் பிரித்தார்.

"தூக்கு."

இயக்குநர் கைதட்டினார். தயாரிப்பாளரின் முகம் தொங்கிப்போனது. கைதி மட்டும் எழுந்து வாசலுக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த அந்த அம்மாவை மறித்தான். தொப்பியைக் கழற்றினான், முகக்கவசத்தைக் கழற்றினான்.

"அம்மா, நான்தான் அந்தக் கைதி."

"தெரியும் தம்பி. பேனா குடுத்தப்பவே கண்ணை வச்சுக் கண்டுபிடிச்சுட்டேன்."

அவனுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு வருட உதை, கைநழுவிய இரண்டாம் பாகம், ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருக்கும் பெண்டாட்டி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான். நான் தப்பே செய்யாதவன் என்று தெரிந்தும், அப்படி அழுதுவிட்டும், என் பேனாவையே வாங்கி என்னைத் தீர்த்துக்கட்ட எப்படி மனசு வந்தது என்று கேட்டான்.

அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவன் நடிப்பு அருமை என்றார். நிஜத்தில் யாரையும் தூக்கில் போடவே கூடாது என்பதுதான் தன் கட்சி என்றும், அதற்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா என்றும் சொன்னார். பிறகு பேனாவை அவன் சட்டைப்பையில் செருகி, தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

"என்ன பண்றது தம்பி, நீங்க தப்பிச்சுட்டா, தூக்குப் போட வர்ற எம் பையனை யாரு பார்ப்பாங்க?"