அறுபது வருஷ மில்

ஒரு கோதுமை மூட்டையோடு மாவு மில்லுக்கு வந்து சேர்ந்தது ஒரு வண்டு. வாசலில் ‘அறுபதாவது ஆண்டு’ என்று போர்டு தொங்கியது. அத்தனை பழைய சாமானைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அதற்கு ஆசை வந்துவிட்டது.

முதலில் மோட்டாரைக் கேட்டது.

“நான் வந்து ஒன்பது வருஷம்தான். எனக்கு முன்னாடி இங்கே ஆயில் எஞ்சின் ஓடிச்சு,” என்றது மோட்டார்.

பெல்ட் சிரித்தது. “என்னைப் போன தீபாவளிக்குத்தான் மாட்டினாங்க.”

“நான் நாலாவது ஜோடி,” என்றது அரைக்கும் கல். “முதலாளியே மூணாவது ஆள். கூரையைக்கூட மாத்தியாச்சு.”

வண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ அறுபது வருஷமா இங்கே என்னதான் இருக்கு? போர்டு பொய் சொல்லுதா?”

“கொஞ்சம் பொறு,” என்றது கல். சற்றுமுன் அரைத்த மிளகாய் அதன் உடம்பெல்லாம் சிவப்பாக ஒட்டியிருந்தது.

அப்போது ஒரு பெண் தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். “கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவுண்ணே. இதுக்கு முன்னாடி மிளகாய் எதுவும் அரைச்சீங்களா?”

“சேச்சே! கோதுமைதாம்மா போட்டேன்,” என்றார் முதலாளி, சிவந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே.

வண்டு தும்மியது.

“கேட்டியா?” என்றது கல். “இவரோட தாத்தா சொன்ன அதே பதில். இது ஒண்ணைத்தான் இங்கே யாரும் மாத்தலை.”