நூறு இசைத்தட்டுகள்

எந்தக் கம்பெனியையும் நம்பாமல், நாலே நாட்டுப்புறப் பாட்டுகளோடு பாடகர் தானே வெளியிட்ட இசைத்தட்டின் நூறு பிரதிகளும் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. வாங்கியவர்கள் வீடு தேடி வந்து பாராட்டினார்கள்.

"மூணாவது பாட்டுல அப்படியே உருகிட்டேன்," என்றார் விமர்சகர்.

"எங்க வீட்ல தினமும் காலையில அதான் ஓடுது மச்சான்," என்றான் மைத்துனன்.

"நானே கேட்டுக் கேட்டு அழறேன்," என்று பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது தட்டு தயாரித்த ஆலையிலிருந்து போன் வந்தது.

"சார், மன்னிச்சிடுங்க. இப்பத்தான் கண்டுபிடிச்சோம். உங்களுக்கு வந்த நூறுமே வெத்துத் தட்டு. ஒரு பாட்டுகூட பதிவாகல. திருப்பி அனுப்புங்க, புதுசா போட்டுத் தர்றோம்."

பாடகர் விமர்சகரைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க. பிரமாதமா வந்திருக்கு. அதே மாதிரி இன்னும் இருநூறு போடுங்க!"