ரெங்கம்மா மேல் மூன்று புகார்கள்

"அப்படியே நில்லுங்க! கை கால் கழுவாம வாசப்படிய மிதிக்கக் கூடாது!"

இரகுநாதன் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தோட்டத்துக்குக் கிளாக்கராக வந்து இரண்டே மாதம். பெரிய துரைகூட அவரை இப்படி அதட்டியதில்லை.

"நான் ஆரெண்டு தெரியுமோ? துரையின்ரை கந்தோரிலை இருந்து விசாரணைக்கு வந்திருக்கிறன்."

"யாரா இருந்தா என்னாங்க? தண்ணி அந்தா இருக்கு."

வீறாப்பை மூட்டை கட்டிவிட்டுப் போய்க் கழுவினார். பெரகலை ஊருக்கு மேலே, மலையில் இன்னும் பனி கலையவில்லை. தண்ணீர் எலும்பைக் கடித்தது.

தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா அது. அவரை அதட்டிய ஆயா ரெங்கம்மா மேல் பெரிய கங்காணி மூன்று புகார் கொடுத்திருந்தார். வாய் நீளம். விறகு தண்டம். லேசாகக் காய்ச்சல் கண்ட பிள்ளையையும் உள்ளே எடுக்காமல் தாயோடு திருப்பி அனுப்பி, வேலையைக் கெடுக்கிறாள். உண்மையென்றால் இன்றைக்கே அவளை நிறுத்திவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்குள் அறிக்கை போக வேண்டும்.

உள்ளே போனவர் தொட்டில்களை எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது பிள்ளைகள்! பழைய பதிவேட்டை அவர் புரட்டியிருந்தார். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு குழந்தை இங்கே பேதியில் இறந்தபின், பல மாதம் ஒரு பிள்ளைகூட வரவில்லை.

"விறகை ஏன் இப்பிடி எரிக்கிறீர்?"

"தண்ணி கொதிக்கணும்ல."

"ஒருக்காக் கொதிச்சாப் போதாதோ?"

"ஒங்களுக்குப் போதுமுங்க. எனக்குப் போதாது."

"கங்காணி சொன்னதெல்லாம் உண்மையோ?"

"அம்புட்டும் உண்மைதாங்க. எழுதிக்கிருங்க."

சொல்லிவிட்டு ஒரு பால் போத்தலை மூக்கருகே பிடித்து மோந்து பார்த்தாள். சிரிப்பும் இல்லை, கெஞ்சலும் இல்லை. வேலை போகப்போகிற பெண்ணா இவள்?

இரகுநாதனுக்குக் கோபம் போய், விஷயத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை பிடித்துக்கொண்டது. இந்தச் சிடுமூஞ்சியிடம் எதை நம்பிப் பிள்ளையை விடுகிறார்கள்? கங்காணி மிரட்டினாரா? அவர்தானே புகார் கொடுத்தவர். பால்மாவுக்காகவா? அது முந்திய ஆயா காலத்திலும் கொடுத்ததுதான்.

பத்து மணிக்கு, பிள்ளைக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவந்தாள் பாக்கியலெட்சுமி. பால் கொடுத்துத் திரும்பியவளை வெளியே மறித்தார்.

"பிள்ளையை இங்கை விடச் சொல்லி ஆரும் வெருட்டினவையோ?"

"இல்லீங்களே."

"உந்த மனுசி உம்மையும் ஏசுறதோ?"

"ஏசாமயா? நேத்துகூட நகம் வெட்டலன்னு வெரட்டி விட்டுட்டா."

"பிறகேன் விடுறியள்? நல்ல சிரிச்ச முகமா வேறை ஒரு ஆளைப் போடட்டோ?"

அவள் முகம் வெளிறிப்போனது.

"வேணாங்கய்யா! சிரிச்ச மொகத்த முன்னாடியே பாத்துட்டோம். பச்சத் தண்ணியில பால் கலக்கிக் குடுத்தவ நல்லாத்தான் சிரிச்சா. ரெங்கம்மா அக்காவ நிறுத்துனீங்கன்னா, பத்தொம்பது புள்ளைகளும் அன்னிக்கே லயத்து வீட்டுக்குப் போயிரும். நாங்க மலைக்குப் போக மாட்டோம்."

இரகுநாதன் குரலைத் தாழ்த்தினார். "இங்கை ஒரு பிள்ளை செத்தது தெரியுமோ? பயமில்லையோ?"

"பயந்துதானுங்க யாரும் இந்தப் பக்கம் வராம கெடந்தோம். ஆயா வேலைக்கும் யாரும் வரல. அக்காதான் தொரை பங்களா வாசல்ல மூணு நாளு நின்னு, இந்த வேலைய கேட்டு வாங்குனா. அது தெரிஞ்சதும் புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தோம்."

"அவவிலை அப்பிடி என்ன நம்பிக்கை?"

பாக்கியலெட்சுமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஐயா புதுசுல்ல, தெரியாது. செத்த புள்ள அவ பெத்ததுங்க."