கழற்றிய டிஸ்க்

டிஸ்கில் எழுதியதைத் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை அது. அதை வேகமாக்குவது உமையாளின் வேலை. அரைநாள் இழுத்தடித்த சோதனை இன்று காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து, 'எல்லாம் சரி' என்றது திரை. ஏதோ உறுத்த, டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினாள். எல்லாம் சரி. அப்படியானால் இது எதைத்தான் படிக்கிறது? இதை நம்பிக் காலையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய டிஸ்குகளில் என்ன இருக்கிறது? கையிலிருந்தது இன்னும் சுட்டது.

"என்னடி, ஒரு மாதிரியா இருக்கே? வீட்டுல ஏதும்..." என்று பக்கத்து இருக்கை மெர்லின் கேட்டு முடிக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் உமையாள்.

எதைப் படித்துவிட்டுச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.