ஐந்தாவது வரி

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நாங்கள் நான்கு பேர் என்று பொலிஸ் பதிவுப் படிவத்தில் எழுதுவித்திருந்தோம். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலைக்குக் கூட்டிவந்த பெட்டையை அதில் சேர்க்கவில்லை. பதினொரு வருடமாக, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும், அவளைச் சின்னப் பிள்ளைபோலப் பெட்டை என்றுதான் கூப்பிட்டோம். அவளுடைய அடையாள அட்டை என் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது.

"அட்டையக் குடுங்கம்மா, நான் ஊருக்குப் போவணும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"பிறகு பாப்பம்" என்பேன்.

தை மாதம் அட்டை இல்லாமலே போய்விட்டாள். யுத்தம் நடந்து, சந்திக்குச் சந்தி ஆமி மறித்து அட்டை கேட்ட காலம் அது. ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தும் நாங்கள் பொலிஸில் சொல்லவில்லை. சொன்னால் அட்டை ஏன் எங்களிடம் இருக்கிறது என்று கேட்பார்கள்.

பங்குனியில் ஒரு காலை, பொலிஸ்காரர் ஆட்களை எண்ண வந்தார். முன்பெல்லாம், அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோதும், நான்கு என்று எண்ணிவிட்டுப் போனவர். இம்முறை வெறும் குசினியைப் பார்த்து, "நம மொகத?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். எங்களுக்குப் பதில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையாட்டிவிட்டு எங்கள் படிவத்தின் ஐந்தாவது வரியில் எழுதித் தந்துவிட்டுப் போனார்.

"ஆரையப்பா எழுதினவர்?" என்றேன். என் கணவர் குசினிப் பக்கம் திரும்பவேயில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் இருந்த பெயரும் படிவத்தின் ஐந்தாவது வரியும் ஒரே எழுத்துகள். இரண்டும் சிங்களம். எங்களுக்குக் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. அவளுடைய பெயர் என்னவென்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

முன்கடை முதலாளியிடம் காட்டினால் வாசித்துச் சொல்லுவார். இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் கொண்டுபோகவில்லை.